ஆனியில் நட்ட வயலுக்கு ஏன் தாளடி என்று வருகிறது?

கேள்வி: எங்கள் உழவர் குழுவின் சாகுபடிப் பதிவேடு எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கிறது. அதை இணையப் பக்கமாக்க எக்ஸ்எஸ்எல்டி எழுதினேன். 'சூஸ்' கட்டளைக்குள், பருவம் 'குறுவை' என்றால் ஒரு 'வென்', 'சம்பா' என்றால் இன்னொரு 'வென்', மற்றதெல்லாம் 'அதர்வைஸ்' வழியே தாளடி. ஆனியில் நட்ட சில வயல்களுக்கும் தாளடி என்றே வருகிறது. எங்கே தவறு?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: ஆனியில் நட்ட எல்லாக் குறுவை வயலும் தாளடியாகியிருந்தால், சோதனையில் குறுவை என்ற சொல்லுக்கு ஒற்றை மேற்கோள் போட மறந்தீர்களா என்று கேட்டிருப்பேன். மேற்கோள் இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒரு உறுப்பைத் தேடி ஏமாந்துபோகும். 'சில' என்கிறீர்கள், அப்படியானால் பதிவில் உள்ள எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இடையின 'ரு' விழுந்து 'குருவை' என்றிருக்கும். நமக்குப் புரியும், 'வென்' சோதனைக்கு அது வேறு சொல். முன்பின் ஒட்டிய இடைவெளியும் இப்படிக் கெடுக்கும். அதை மட்டும் 'நார்மலைஸ்-ஸ்பேஸ்' நீக்கிவிடும்.

'சூஸ்' மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்தும் 'வென்'னை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். எதுவும் பொருந்தாவிட்டால் 'அதர்வைஸ்'. எக்ஸ்எஸ்எல்டியில் 1999-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இப்படித்தான்.

அந்த அதர்வைஸில் தாளடியை வைத்ததுதான் பெரிய தவறு. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது, அதே வயலில் நடுவது தாளடி. பொருந்தாத பதிவுக்கெல்லாம் அந்தப் பெயரைக் கொடுத்தால், பருவமே எழுதாமல் விட்ட பதிவும் சரியானதுபோல உட்கார்ந்துகொள்ளும்; யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தாளடிக்கென்று மூன்றாவது வென் எழுதுங்கள். அதர்வைஸில் 'பருவம் சரிபார்க்க' என்று அச்சிட்டு, பதிவில் இருந்த சொல்லையும் வயல் எண்ணையும் பக்கத்திலேயே காட்டுங்கள். 'மெசேஜ்' கட்டளையும் சேர்த்தால் ஓட்டும்போதே தெரிந்துவிடும்.

எழுத்துப் பிழைக்கு அஞ்சி, சொல் உள்ளே எங்காவது இருந்தாலே பொருந்தும் 'கன்டெய்ன்ஸ்' போடாதீர்கள். ரகத்தையும் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தால், தாளடியில் நட்ட சீரகச் சம்பா உங்கள் இரண்டாவது வென்னிலேயே சிக்கிச் சம்பாப் பருவமாகிவிடும்.

நட்ட தேதியை வைத்துப் பருவத்தை ஊகிக்கலாமே என்றும் தோன்றும். வேண்டாம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்த ஆண்டும் உண்டு, தள்ளிப்போன ஆண்டும் உண்டு. பம்புசெட் வைத்திருப்பவர் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருப்பதில்லை. அதர்வைஸில் விழுந்த வயல்களைப் பட்டியலிட்டு, அந்தந்த உழவரைக் கேட்டுப் பதிவேட்டிலேயே திருத்துங்கள்.