எந்த ஐந்தாவது கிராஸ்? பெங்களூரில் முகவரி தேடுவோருக்கு

வேலை கிடைத்து முதன்முறையாகப் பெங்களூர் வருகிற நம்மூர்ப் பிள்ளைகள் பலர் மடிவாளாவிலோ சில்க் போர்டிலோ பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள். கையில் இப்படி ஒரு முகவரி இருக்கும்: 'நம்பர் 214, 5வது கிராஸ், கோரமங்களா.' ஆட்டோக்காரர் உடனே 'எந்த பிளாக்?' என்பார். அதற்குப் பதில் தெரியாமல் வண்டி நகராது. 'கிராஸ்' என்கிற ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் இடத்துக்கு இடம் பொருள் மாறும். அதைப் பிடித்துவிட்டால் பெங்களூரில் எந்த வீட்டையும் கண்டுபிடிக்கலாம்.

முதலில் மெயினையும் கிராஸையும் பிரித்துக்கொள்ளுங்கள். லேஅவுட் போடும்போது ஒரே திசையில் இணையாகப் போட்ட தெருக்கள் மெயின். அவற்றைக் குறுக்கே வெட்டுபவை கிராஸ். கன்னடப் பலகையில் 'முக்ய ரஸ்தே', 'அட்ட ரஸ்தே' என்றிருக்கும். மெயின் என்றதும் கடைவீதியைத் தேடாதீர்கள். எதிரே கார் வந்தால் ஒதுங்க இடமில்லாத மெயின்களும் உண்டு. ஆனால் ஒசூர் மெயின் ரோடு, பன்னேர்கட்டா மெயின் ரோடு என்றால் நாம் நினைக்கிற அதே பெரிய சாலைதான்.

கிராஸுக்கும் இப்படி இரண்டாவது பொருள் உண்டு. துமகூரு ரோட்டில் 'ஜாலஹள்ளி கிராஸ்' என்று சொன்னால் அது குறுக்குத்தெரு அல்ல. ஜாலஹள்ளிக்குப் பாதை பிரிகிற முனை. தென்மாவட்டங்களில் 'விலக்கு' என்போமே, வட மாவட்டங்களில் 'கூட்டுரோடு' என்போமே, அதுதான். அங்கே இறங்கினால் ஜாலஹள்ளி வந்துவிடாது, இன்னும் உள்ளே போக வேண்டும். எண்ணோடு வந்தால் லேஅவுட் தெரு, ஊர்ப்பெயரோடு வந்தால் பிரிகிற முனை என்று நினைவில் வையுங்கள்.

பழகிப் பார்க்க மல்லேஸ்வரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 1898இல் பிளேக் தாக்கியபின், பழைய பேட்டையின் நெரிசலிலிருந்து மக்கள் வெளியேற வளர்ந்த பகுதி அது, பசவனகுடியும் அப்படித்தான். தெற்கே மந்த்ரி மால் பக்கமிருந்து சம்பிகே ரோட்டில் வடக்கே நடங்கள். கிராஸ் எண் ஏறிக்கொண்டே போகும். 8வது கிராஸில் பூவும் காய்கறியும் துணிக்கடைகளும். 15வது கிராஸ் பக்கம் காடு மல்லேஸ்வரர் கோயில். இணையாகப் போகும் மார்கோசா ரோட்டையும் இதே கிராஸ்கள்தான் வெட்டுகின்றன. ஒருமுறை நடந்தால் கட்டம் மனதில் பதிந்துவிடும்.

ஒரே வரிசையாக எண் ஏறும் இந்தக் கணக்கு கோரமங்களாவில் செல்லாது. அங்கே 8 பிளாக். ஒரு பிளாக்கில் உள்ள கிராஸ் எண் இன்னொன்றிலும் திரும்ப வரும். பிளாக் தெரியாமல் கிராஸ் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றினால் நாள் போய்விடும். 1948இல் ராஜாஜி அடிக்கல் நாட்டிய ஜெயநகரிலும் பிளாக்தான். 4வது பிளாக் வேறு, 4வது டி பிளாக் வேறு. ஜே.பி. நகரில் இதுவே ஃபேஸ், பனசங்கரியில் ஸ்டேஜ், எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் செக்டர். பெயர்தான் வேறு, வேலை ஒன்று.

ஆகவே முகவரியைக் கீழிருந்து மேலே படியுங்கள். பின்கோடு, ஏரியா, பிளாக் அல்லது ஸ்டேஜ், பிறகு மெயின், கிராஸ், கடைசியில் வீட்டு எண். பழைய பலகைகளில் 'பெங்களூர்-3' என்றிருந்தால் 560003, அதாவது மல்லேஸ்வரம். கோரமங்களாவுக்கு 560034, 560095 என இரண்டு பின்கோடு உண்டு. பிளாக் விட்டுப்போயிருந்தால் இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். '5வது ஏ கிராஸ்' என்று எழுதியிருந்தால் அந்த 'ஏ'வை விட்டுவிடாதீர்கள். அது ஐந்துக்குப் பக்கத்தில் இருக்கிற தனித் தெரு.

தெருவில் நின்றுகொண்டு போனைப் பார்ப்பதைவிட வாய்விட்டுக் கேட்பது மேல். 'சார், இது எஷ்டனே கிராஸ்?' எத்தனையாவது என்பதுதான் எஷ்டனே. ஒந்தனே, எரடனே, மூரனே, நால்கனே, ஐதனே என்று பதில் வரும். எடக்கே என்றால் இடப்பக்கம், பலக்கே என்றால் வலப்பக்கம். முனையிலிருக்கும் காண்டிமென்ட்ஸ் கடையில் கேளுங்கள். நம் பெட்டிக்கடையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதைவிட நல்லது இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்பது. வீடு வீடாகத் துணி வாங்குபவருக்கு எந்த எண் எந்தச் சந்தில் என்று அத்துப்படி. தமிழிலேயே பதில் கிடைத்தாலும் வியப்பில்லை.

குடியேறியபின் ஊருக்கு முகவரி அனுப்பும்போது பிளாக்கையும் மெயினையும் கிராஸையும் மூன்றையும் எழுதுங்கள். பக்கத்துப் பார்க்கையோ கோயிலையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா முதல்முறை வருகிறார்கள் என்றால், இதையெல்லாம் கன்னடத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, அதைப் படமெடுத்து அவர்கள் கிளம்புவதற்கு முன்பே போனில் அனுப்பிவிடுங்கள்.