உடலின் மின்மொழி

புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலை என்னும் ஊர் உள்ளது. அங்கு மேலைக்கோயில் என வழங்கும் குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில், இசைக்குரிய சுரங்களை ஏழு பகுதிகளாக வகுத்துப் பொறித்த கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அது கி.பி. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் அறிஞர். மாணாக்கர் நலங்கருதி அச்சுரங்கள் அமைக்கப்பெற்றன என்னும் குறிப்பும் அதில் உண்டு. இசை செவிக்கு மட்டுமே எட்டுவது; எழுந்த கணத்திலேயே மறைவது. அதனைக் கண்ணால் காணும் குறியாக்கிக் கல்லில் நிலைநிறுத்தினர் நம் முன்னோர்.

மனித உடலினுள்ளும் இவ்வாறு இடையறாது எழுந்து மறைவது ஒன்று உண்டு. அதுவே உடலில் தோன்றும் மின்துடிப்பு. அதனைக் குறியாக்கிப் படிக்கவும், அது இடும் ஏவலை உணர்ந்து பணிசெய்யவும் வல்ல கருவிகளை மின்பொறியியல் ஆக்கித் தந்துள்ளது.

நம் நாட்டுச் சித்த மருத்துவர், நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பர். அவர் விரலுக்கு எட்டுவது குருதிக் குழாயின் துடிப்பாகும். அத்துடிப்புக்கு முன்பே, இதயத் தசையைச் சுருங்குமாறு ஏவும் மின்துடிப்பு ஒன்று தோன்றி விடுகிறது. அஃது எத்துணைத் தேர்ந்த விரலுக்கும் எட்டாது. நரம்பிலும் தசையிலும் உள்ள உயிரணுக்களின் உள்ளும் புறமும் சோடியம், பொட்டாசியம் முதலிய பொருள்களின் மின்னூட்டம் பெற்ற துகள்கள் இடம் மாறுவதால் அது பிறக்கிறது. இறந்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துள்ளுவதைக் கண்ட இத்தாலிய அறிஞர் கால்வானி, 1791-இல் அதனைப் பற்றி எழுதி வெளியிட்டார். தசைக்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவு அதன் பின்னரே உலகின் கவனத்தைக் கவர்ந்தது.

இதயத்தின் மின்துடிப்பைத் தெளிவாக வரைந்து காட்டிய பெருமை ஆலந்து நாட்டு ஐந்தோவன் என்பவரைச் சாரும். லெய்டன் நகரில் பேராசிரியராய் இருந்த அவர், வலிய காந்தத்தின் இடையே மிக நுண்ணிய இழை ஒன்றைக் கட்டி, அதனூடே இதயத்தின் மின்னோட்டத்தைச் செலுத்தினார். இழை அசைந்தது, அவ்வசைவின் நிழல் ஒளிப்படத் தகட்டில் கோடாகப் பதிந்தது. நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். அப்பொறியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தனர். சுரங்களுக்கு எழுத்துப் பெயர் அமைந்தது போலவே, கோட்டின் ஏற்ற இறக்கங்களுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி என அவர் பெயரிட்டார். மருத்துவர் இன்றும் அப்பெயர்களையே வழங்குகின்றனர். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அத்துணைப் பெரிய பொறி இன்று கையில் எடுத்துச் செல்லும் பெட்டியாகச் சுருங்கிவிட்டது. மக்கள் இ.சி.ஜி. என்று கூறும் சோதனையைச் செய்வது இக்கருவியே. இச்சுருக்கம் எளிதில் நிகழ்ந்ததன்று. இதயத்தின் மின்துடிப்பு, தோலின் மேல் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவே உள்ளது. அதாவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூளையின் மின்னலைகளோ அதனினும் பன்மடங்கு சிறியவை. ஆனால், நோயாளி படுத்திருக்கும் அறையின் சுவரிலுள்ள மின்கம்பியில் 230 வோல்ட் ஓடுகிறது. அது நொடிக்கு 50 முறை மாறி மாறி அலைவது; அவ்வலைவின் சாயல் நோயாளியின் உடல் முழுதும் படிகிறது. திருவிழாக் கூட்டத்தின் பேரொலியினிடையே ஒரு குழந்தையின் மெல்லிய குரலைக் கேட்பது போன்றதே இப்பணி.

பொறியாளர் இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு வென்றனர்? துலாக்கோலின் இரு தட்டுகளிலும் ஒத்த எடையை வைத்தால் கோல் சாய்வதில்லை. ஒரு தட்டில் சிறிது மிகுந்தால் மட்டுமே சாய்கிறது. அதுபோலவே, உடலின் இரு இடங்களில் வைத்த மின்வாய்களிலிருந்து வரும் அழுத்தங்களைக் கருவி ஒப்பிடுகிறது. சுவர்க்கம்பியின் சாயல் இரண்டிலும் ஒத்திருப்பதால் பெரும்பாலும் கழிந்து போகிறது. இதயத்தின் துடிப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதால் எஞ்சி நிற்கிறது. எஞ்சியதை மின்பெருக்கி ஆயிரம் மடங்கு பெருக்க, வடிப்பான் மாசு நீக்க, கோடு தெளிவாகத் தோன்றுகிறது. கருவியிலிருந்து தீங்கு செய்யும் மின்னோட்டம் நோயாளியின் உடலிற் பாயாதவாறு காப்பு அமைப்பதும் பொறியாளரின் கடமையேயாகும்.

இக்கோட்டினைத் தொலைவிற்கு அனுப்பவும் இயலும். ஐந்தோவன் மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசிக் கம்பி வழியே பதிவு செய்தார். நம் தமிழகத்தில் இம்முறை உயிர்காக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டது. 2012 முதல் 2014 வரை, மாரடைப்புற்ற 2,420 பேரைக் கொண்டு இங்கு ஓர் ஆய்வு நடைபெற்றது. சிறிய மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட இதயக் கோடு, கம்பியில்லாத் தொடர்பு வழியே பெரிய மருத்துவமனையின் வல்லுநருக்குச் சென்றது. அவர் கூறியவாறு உடனே சிகிச்சை தொடங்கவும், தேவையானால் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்வேற்பாட்டிற்கு முன், ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 பேர், பின்னர் அது 14.2 ஆகக் குறைந்தது. எண்ணில் இது சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் பிழைத்தவர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் தந்தையோ தாயோ ஆவர் என்பதை எண்ணினால் இதன் பெருமை விளங்கும்.

கேட்பதோடு அமையாது, தளர்ந்த இதயத்திற்கு ஏவல் இடவும் மின்பொறியியல் கற்றது. அமெரிக்காவின் மின்னியபோலிசு நகரில், குழந்தைகளின் இதயத்தை இயக்கிய பொறிகள் சுவர் மின்சாரத்தை நம்பியிருந்தன. 1957 அக்டோபர் 31-இல் மின்சாரம் தடைப்பட, ஒரு குழந்தை உயிரிழந்தது. மருத்துவர் லில்லிஹை உளம் நொந்து, மருத்துவமனைக் கருவிகளைச் செப்பனிட்டு வந்த மின்பொறியாளர் எர்ல் பாக்கனை அணுகினார். இசை பயில்வோருக்குத் தாளம் தரும் கருவியின் மின்சுற்று ஒன்று பாக்கனின் நினைவுக்கு வந்தது. அதனை அடியாகக் கொண்டு, நான்கு வாரங்களுக்குள், பேட்டரியால் இயங்குவதும் உடலில் அணிந்துகொள்ளத் தக்கதுமான பேஸ்மேக்கர் ஒன்றை அவர் அமைத்தார்.

இனி, கையிழந்தோர் நிலையைக் காண்போம். கதிரடிக்கும் பொறியிலோ கரும்பு பிழியும் ஆலையிலோ சிக்கி முன்கையை இழந்தவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். விரல்கள் இல்லை, ஆயினும் விரல்களை மடக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் மூளையில் எழுகிறது. அவ்வேவல் நரம்பு வழியே இறங்கி வருகிறது. எஞ்சிய முன்கைத் தசை அதனை ஏற்றுச் சுருங்குகிறது. ஆம், கை போயிற்று, கட்டளை போகவில்லை! அதனை ஏற்றுச் செய்வோர் இல்லை என்பதே அவருடைய குறை.

அக்குறையை நீக்க வந்ததே தசைமின்சாரக் கை. செயற்கைக் கையின் உட்புறத்தில் உள்ள மின்வாய்கள் எஞ்சிய தசையின் மேல் படிந்திருக்கும். மடக்கும் தசை சுருங்கினால் அதன் மின்துடிப்பு பெருக்கப்பட்டு, சிறு மோட்டார் சுழன்று விரல்கள் மூடும். விரிக்கும் தசை சுருங்கினால் அவை திறக்கும். இத்தகைய கையைப் பற்றி 1948-இல் செருமனியின் ரைட்டர் எழுதினார். ஆயினும் அஃது உடன் கொண்டு செல்ல ஏற்றதாய் இல்லை. டிரான்சிஸ்டர் தோன்றிய பின், 1960-இல் சோவியத் நாட்டின் கோப்ரின்ஸ்கி குழுவினர் உடலில் அணிந்து திரியத்தக்க கையை வெளியிட்டனர்.

இக்கருவிகள் குறையற்றவை அல்ல. வியர்வை பெருகினால் தோலுக்கும் மின்வாய்க்கும் உள்ள தொடர்பு மாறுபடும். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இது சிறு தொல்லையன்று. பெரும்பாலான செயற்கைக் கைகளுக்குத் தொடுவுணர்ச்சி இல்லாமையால், கண்ணால் நோக்கியே பொருளைப் பற்ற வேண்டும். நெடும்பயிற்சியும் தேவை. எல்லாவற்றிற்கும் மேலான தடை விலையாகும்.

அத்தடையைத் தகர்க்க நம் நாட்டு அறிஞர் முயன்று வருகின்றனர். திருவனந்தபுரத்தில் உள்ள விக்கிரம் சாராபாய் விண்வெளி மையத்தினர் உருவாக்கிய செயற்கை முழங்காலைப் பற்றி 2022-இல் அறிவிக்கப்பட்டது. காலின் சுமையையும் மூட்டின் கோணத்தையும் உணர்கருவிகள் அளக்க, நுண்செயலி அதற்கேற்ப மூட்டின் இறுக்கத்தை மாற்றும். வெளிநாட்டு முழங்கால்கள் 10 இலட்சம் முதல் 60 இலட்சம் ரூபாய் வரை விலை பெற, இதனை 4 அல்லது 5 இலட்சத்தில் தரலாம் என அவர்கள் கருதினர். ஏழை உழவருக்கு அதுவும் பெருந்தொகையே. மின்சாரம் இன்றி இயங்கும் ‘கதம்’ என்னும் முழங்காலைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் அதே ஆண்டில் வெளியிட்டனர். எங்கு மின்சாரம் தேவை, எங்குத் தேவையில்லை என அறிவதும் பொறியாளருக்குரிய அறிவேயன்றோ?

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலத்தில் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அம்மண்ணில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மருத்துவம் பயில்வோர் மட்டுமே பிணி தீர்ப்போர் அல்லர். மின்சுற்றும் கணக்கும் பயில்வோரும் பிணி தீர்க்கலாம். கேளாத துடிப்பைக் கேட்கச் செய்வதும், கையிழந்தவரின் கட்டளைக்கு ஒரு கை தருவதும், அதனை அவர் வாங்கத்தக்க விலையில் தருவதும் இன்னும் முடியாத பணிகள். அவை இன்று பள்ளியில் பயிலும் மாணவரை எதிர்நோக்கி நிற்கின்றன.