அத்தாவின் கடனும் நான்கு ஹஜ்ஜும்

 

கப்ருஸ்தானில் மண் தள்ளி முடிந்து, எல்லோரும் துஆவுக்காக நிற்கும்போது மூத்த மகன் முன்னால் வந்து ஓர் அறிவிப்புச் செய்வார். "எங்க அத்தா யாருக்காவது கொடுக்கல் வாங்கல் பாக்கி வெச்சிருந்தா எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க பொறுப்பு. தெரிஞ்சோ தெரியாமலோ மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சிடுங்க." நீங்களும் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. செருப்பைத் தேடும் சத்தத்தில் பாதிப் பேருக்கு அது காதிலும் விழுவதில்லை.

இதே அறிவிப்பை நான்கு வருடம் தொடர்ந்து செய்த ஒரு மகனையும், அவருடைய தந்தையையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். தந்தை ஸுபைர் பின் அல்அவ்வாம் (ரலி). மகன் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி).

ஸுபைர் (ரலி) என்றதும் நமக்கு வாள்தான் நினைவுக்கு வரும். சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர், நபி (ஸல்) அவர்களின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மகன், நபியவர்களின் ஹவாரி. அவர் ஒரு வியாபாரி என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத் வரும் வழியில், ஷாமிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் வியாபாரக் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. அதில் இருந்த ஸுபைர் (ரலி) இருவருக்கும் வெள்ளை ஆடைகளை அணிவித்தார்கள் என்று புகாரியில் வருகிறது. வியாபாரத்தில் எப்படி இந்த அளவுக்கு உயர்ந்தீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, குறையுள்ள சரக்கை வாங்கியதில்லை, வந்த லாபம் சிறிதென்று தள்ளியதில்லை, பரக்கத் அல்லாஹ்வின் கையில் என்ற கருத்தில் பதில் சொன்னதாக இப்னு அப்தில் பர் (ரஹ்) எழுதுகிறார்கள். கடை வைத்திருப்பவர்கள் அந்த இரண்டாவது விஷயத்தைக் கவனியுங்கள். பெரிய லாபத்துக்காகக் காத்திருந்து சரக்கைத் தேங்க விடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆரம்பத்தில் அவரிடம் ஒன்றும் இல்லை. அஸ்மா (ரலி) அவர்களை மணம் முடித்தபோது இருந்தது ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்க ஓர் ஒட்டகமும்தான். குதிரைக்குத் தீனி வைப்பது, தண்ணீர் இறைப்பது, மாவு பிசைவது எல்லாம் அந்த அம்மையார்தான். ரொட்டி சரியாகச் சுடத் தெரியாது, அன்ஸாரிப் பெண்கள் சுட்டுத் தந்தார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். தூரத்து நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். ஒருநாள் வழியில் நபி (ஸல்) அவர்கள் தம் ஒட்டகத்தில் ஏற்றிக்கொள்ள முன்வந்தபோது, கணவரின் ரோஷத்தை நினைத்து வெட்கப்பட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். விஷயத்தைக் கேட்ட ஸுபைர் (ரலி), நீ அவர்களோடு ஏறி வருவதைவிட இந்தச் சுமையைச் சுமப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார்கள். (பிற்காலத்தில் இருவரும் பிரிந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஸஹாபாக்களின் வீடுகளிலும் சிரமங்கள் இருந்தன. அதை மறைக்கத் தேவையில்லை.)

பிள்ளைகள் மீது அவருக்கு இருந்த பாசத்தைச் சொல்ல ஒரு காட்சி போதும். அவருடைய உடலில் மூன்று ஆழமான வாள்வெட்டுத் தழும்புகள் இருந்தன. சின்னப் பையனாக இருந்த உர்வா (ரஹ்) அந்தக் குழிகளில் விரலை நுழைத்து விளையாடுவாராம். பின்னாளில் மதீனாவின் பெரிய ஃபகீஹ்களில் ஒருவராக ஆனவர் அவர். தம் ஆண் பிள்ளைகளுக்கு அப்துல்லாஹ், முன்திர், உர்வா, ஹம்ஸா, ஜஅஃபர், முஸ்அப் என்று ஷஹீத்களின் பெயர்களாகப் பார்த்து வைத்தார் அந்தத் தந்தை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 36, ஜமல் போர் நாள். அந்தப் போரைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. அந்த விஷயத்தில் நாவைக் காப்பதே நம் முன்னோர்களின் வழி. அன்று ஸுபைர் (ரலி) மகனைப் பக்கத்தில் அழைத்து, இன்று நான் அநியாயமாகக் கொல்லப்படுவேன் என்று நினைக்கிறேன், என்னுடைய பெரிய கவலை என் கடன்தான் என்றார்கள். சொத்தை விற்றுக் கடனை அடைக்கச் சொன்னார்கள். மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு வஸிய்யத் செய்தார்கள். அடைக்க முடியாமல் திணறினால் என் எஜமானனிடம் உதவி கேள் என்றார்கள். மகனுக்குப் புரியவில்லை. அத்தா, உங்கள் எஜமானன் யார் என்று கேட்டார். அல்லாஹ் என்றார்கள். பிறகு எப்போது நெருக்கடி வந்தாலும், ஸுபைரின் எஜமானனே, அவர் கடனை நிறைவேற்று என்று அப்துல்லாஹ் (ரலி) கேட்பார், வழி திறக்கும்.

அன்று அவர் போர்க்களத்தை விட்டு விலகிச் சென்றபோது பஸ்ராவுக்கு அருகே கொல்லப்பட்டார். அவர் பெயரிலேயே அங்கு இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ அவர் விட்டுச் செல்லவில்லை. காபா என்ற தோட்ட நிலம், மதீனாவில் 11 வீடுகள், பஸ்ராவில் 2, கூஃபாவில் 1, மிஸ்ரில் 1. மகன் கடனைக் கணக்குப் பார்த்தார்: 22 லட்சம்.

ஊதாரித்தனத்தால் வந்த கடனா? இல்லை. மக்கள் அவரிடம் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அமானிதமாக வேண்டாம், கடனாக எழுதிக்கொள்கிறேன், தொலைந்துவிடுமோ என்று பயப்படுகிறேன் என்பார். ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இதன் ஆழம் புரியும். அமானிதப் பொருள் கவனக்குறைவு இல்லாமல் தொலைந்துபோனால் வைத்திருந்தவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கடன் அப்படியல்ல, எது நடந்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும். அதாவது, அடுத்தவர் பணத்துக்கான ஆபத்தைத் தம் தலையில் தாமே ஏற்றிக்கொண்டார். அந்தப் பணத்தை வியாபாரத்தில் போட அவருக்கும் அனுமதி கிடைத்தது. இரு தரப்புக்கும் நன்மை.

மகனின் கதை இன்னும் கடினமானது. ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) கடன் எவ்வளவு என்று கேட்டபோது ஒரு லட்சம் என்று மட்டும் சொன்னார். அதற்கே அவர், உங்கள் சொத்து போதாதே என்றார். 22 லட்சம் என்றால்? உங்களால் தாங்க முடியாது, முடியாமல் போனால் என்னிடம் வாருங்கள் என்றார். ஸுபைர் (ரலி) 1,70,000க்கு வாங்கிய காபா நிலத்துக்கு மகன் 16 லட்சம் விலை வைத்து, பாக்கி உள்ளவர்கள் எல்லோரும் அங்கே வாருங்கள் என்று அறிவித்தார். 4 லட்சம் வர வேண்டியிருந்த அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி), விரும்பினால் விட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றார் மகன். தவணை தருகிறேன் என்றார். அதுவும் வேண்டாம் என்று, அந்தத் தொகைக்கு நிலத்தையே அளந்து கொடுத்தார்.

கடன் முடிந்தது. சகோதரர்கள் பாகப்பிரிவினை கேட்டார்கள். தந்தை விட்டுச் சென்றது ஒன்பது மகன்கள், ஒன்பது மகள்கள். கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் இவர், நான்கு வருட ஹஜ்ஜில் அறிவித்த பிறகுதான் என்று ஆணையிட்டுச் சொன்னார். எங்கெங்கிருந்தோ மக்கள் கூடும் இடம் அது. ஸுபைரிடம் யாருக்காவது பாக்கி உண்டா, வாருங்கள், தருகிறோம் என்று ஒவ்வொரு வருடமும் அறிவித்தார். அதன்பிறகே பிரித்தார். நான்கு மனைவியரில் ஒவ்வொருவருக்கும் 12 லட்சம் வந்தது. (மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் இடிக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரியில் விரிவாகப் பேசியிருக்கிறார்கள்.)

சகோதரர்களே, என் மனதில் பல வருடமாக உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். முன்பு வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். அங்கே ஒரு கடைக்காரர். தொழுகையாளி, குடும்பத்துக்காக உழைத்தவர், பிள்ளைகள் மேல் உயிர். இடியாப்பம் விற்கும் ஒரு பெண்மணி மகள் கல்யாணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து 62,000 ரூபாய் அவரிடம் கொடுத்து வைத்திருந்தார். அவர் நிச்சயம் திருப்பித் தந்திருப்பார். திடீரென மௌத்தாகாமல் இருந்திருந்தால். எங்கும் எழுதி வைக்கவில்லை. கப்ருஸ்தான் அறிவிப்பைக் கேட்க பெண்கள் அங்கு வருவதில்லையே! இத்தா முடியும்வரை அந்த வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டுக் காத்திருந்தார். கேட்டபோது, எழுத்து இருக்கா என்றார்கள் பிள்ளைகள். அவர் என்னிடம் வந்தார், நான் அவர்களிடம் போனேன். "ஹஜ்ரத், இப்படி நாலு பேர் வருவாங்க" என்றார்கள். நான் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வட்டிக்குக் கடன் வாங்கித்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. ஸுபைர் (ரலி) அவர்களின் ஹதீஸ் அன்றும் எனக்குத் தெரியும். அதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

ஷஹீதுக்கே கடனைத் தவிர மற்றவைதான் மன்னிக்கப்படுகின்றன. கடனாளியின் ஜனாஸாவை முன்னால் வைத்துக்கொண்டு, அபூகதாதா (ரலி) பொறுப்பேற்கும்வரை நபி (ஸல்) அவர்கள் தொழ வைக்கவில்லை. குர்ஆனின் மிக நீளமான ஆயத் கடனை எழுதி வைப்பது பற்றியது. வாரிசுப் பங்குகளைச் சொல்லும் ஆயத்களில், வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகுதான் பங்கு என்று அல்லாஹ் திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

ஆகவே இன்று இரவே ஒரு நோட்டை எடுங்கள். யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், யாருடைய அமானிதம் இருக்கிறது, மனைவியின் மஹர் பாக்கி எவ்வளவு என்று எழுதுங்கள். நோட்டு இருக்கும் இடம் மனைவிக்கும் ஒரு பிள்ளைக்காவது தெரியட்டும். வஸிய்யத் எழுத உதவி வேண்டுவோர் மக்ரிபுக்குப் பிறகு என்னைச் சந்திக்கலாம். பெண்கள் யாருக்காவது இறந்தவர் வீட்டிலிருந்து வர வேண்டிய பாக்கி இருந்தால், கூச்சப்படாமல் என் வீட்டில் சொல்லி அனுப்பட்டும். இந்த முறை நானே போய்ப் பேசுகிறேன்.