கர்ப்பப்பைக் கட்டியை அகற்றியவர்கள் கவனத்திற்கு: பழைய அறுவைச் சிகிச்சையை மருத்துவரிடம் சொல்லுங்கள்

கர்ப்பப்பையில் கட்டி இருந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இந்தக் கையேடு எழுதப்பட்டுள்ளது. அறுவை நடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். கர்ப்பப்பையையே எடுத்திருக்கலாம். அப்படியிருந்தாலும் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நார்க்கட்டி என்றால் என்ன?

கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையிலிருந்து உருண்டையாக வளரும் கட்டியை நார்க்கட்டி என்கிறோம். மருத்துவமனையில் இதை ‘ஃபைப்ராய்டு’ என்பார்கள். இது பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஐம்பது வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோருக்கும் இக்கட்டி இருந்தது தெரியவந்தது. பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை.

தொல்லை தரும்போது மாதவிடாய் இரத்தப்போக்கு அதிகமாகும், அடிவயிறு கனக்கும், இரத்தச்சோகை வரும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பால் வாளி சுமந்த காலத்தில் இதையெல்லாம் வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொண்டவர்கள் பலர்.

நார்க்கட்டி புற்றுநோய் அல்ல. ஈஸ்ட்ரோஜன் போன்ற பெண் ஹார்மோன்களால் அது வளர்கிறது. அதனால் மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும்.

புற்றுநோய் இல்லாத கட்டி வேறு உறுப்புக்குப் போகுமா?

மிக அரிதாகப் போகும். 1939-ஆம் ஆண்டு ஸ்டைனர் என்ற அமெரிக்க மருத்துவர் இத்தகைய ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார். கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டியைப் போன்ற திசுவே அந்தப் பெண்ணின் நுரையீரலிலும் வளர்ந்திருந்தது. அதன் பிறகு உலகின் பல நாடுகளிலிருந்து இத்தகைய செய்திகள் வந்துள்ளன. இருந்தாலும் மொத்த எண்ணிக்கை மிகக் குறைவுதான். ஆகவே, நார்க்கட்டி எடுத்துக்கொண்ட எல்லாரும் அஞ்ச வேண்டியதில்லை.

பெரும்பாலும் பாதிக்கப்படுவது நுரையீரல். நாற்பது, ஐம்பது வயதுகளில் உள்ள பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. அறுவை நடந்து 10, 15 ஆண்டுகள் கழித்தும், சிலருக்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகும்கூடத் தெரியவரலாம்.

எப்படிப் பரவுகிறது?

இரண்டு வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, இரத்த நாளத்தின் வழி. நார்க்கட்டியின் அணுக்கள் கர்ப்பப்பையின் இரத்த நாளத்துக்குள் புகுந்து, இரத்தத்தோடு நுரையீரலைச் சென்றடைவதாக மருத்துவர்கள் பலர் கருதுகின்றனர். வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பிறகும் இது நேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, வயிற்றுக்குள் சிதறுவது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில் பெரிய கட்டியை அப்படியே வெளியே எடுக்க முடியாது. அதனால் சுழலும் கத்தி கொண்ட கருவியால் அதை உள்ளேயே துண்டாக்கி எடுப்பார்கள். அப்போது சிறு துணுக்குகள் வயிற்றுக்குள் தங்கினால், அவை குடல், வயிற்றுச் சவ்வு போன்ற இடங்களில் ஒட்டிக்கொண்டு புதிய கட்டிகளாக வளரக்கூடும்.

2014-இல் வந்த எச்சரிக்கை

இந்தக் கருவி அமெரிக்காவில் 1990-களில் புழக்கத்துக்கு வந்தது. 2013-இல் எமி ரீட் என்ற அமெரிக்க மருத்துவருக்கு நார்க்கட்டி எனக் கருதி இம்முறையில் அறுவை செய்யப்பட்டது. கட்டிக்குள் யாரும் எதிர்பாராத புற்றுநோய் இருந்தது. கட்டியை வயிற்றுக்குள் துண்டாக்கினால் மறைந்திருக்கும் புற்றுநோய் பரவக்கூடும் என்று அவரும் அவருடைய கணவரும் தொடர்ந்து குரல் கொடுத்தனர். 2017-இல் எமி ரீட் காலமானார்.

2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு மறைந்த கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கலாம் என்று அது கணித்தது. கட்டியை ஒரு பைக்குள் வைத்துத் துண்டாக்கி, துணுக்குகள் சிதறாமல் வெளியே எடுக்க வேண்டும் என்று அந்நிர்வாகம் பின்னர் பரிந்துரைத்தது.

உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ இத்தகைய அறுவை செய்யவிருந்தால், முன்கூட்டியே இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்:

- கட்டியை முழுதாக எடுப்பீர்களா, துண்டாக்கி எடுப்பீர்களா?
- துண்டாக்கினால் பை பயன்படுத்துவீர்களா?
- எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? அதன் முடிவின் நகல் கிடைக்குமா?

நுரையீரல் படத்தில் புள்ளிகள் தெரிந்தால்

நுரையீரலுக்குச் சென்ற நார்க்கட்டி பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரே படத்தில் உருண்டையான பல புள்ளிகளாகத் தெரியும். சிலருக்கு இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருக்கலாம்.

இத்தகைய படத்தைப் பார்க்கும் மருத்துவர் முதலில் புற்றுநோயையும் காசநோயையும் நினைப்பது முறையே. குடும்பமோ ‘புற்றுநோய் பரவிவிட்டது’ என்று கலங்கிப்போகும். அந்த நேரத்தில், ‘எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, அறுவை செய்து எடுத்தார்கள்’ என்று நீங்கள் சொல்லும் ஒரு செய்தி, மருத்துவர் இந்த நோயையும் எண்ணிப் பார்க்க வழிசெய்யும். இருமலுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன தொடர்பு என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மகன் உடன் வந்திருக்கிறான் என்று கூச்சப்படவும் வேண்டாம். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

இது எந்தக் கட்டி என்பதைப் படம் மட்டும் பார்த்து உறுதிசெய்ய முடியாது. நுரையீரலிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டும். பழைய கட்டியின் பரிசோதனை முடிவு இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தாள்கள் இல்லையென்றால்?

தோட்டத்தில் வாழ்ந்தபோது அறுவை செய்துகொண்டவர்கள் பலரிடம் தாள் எதுவும் இருக்காது. டிரஸர் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். அங்கே ‘கட்டி எடுத்தாச்சு’ என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். தோட்டம் கைமாறி, லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது இருந்த தாள்களும் போயிருக்கும். கவலை வேண்டாம். பின்வருவனவற்றை நினைவுபடுத்தி, பிள்ளைகளிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்:

- எந்த ஊர் மருத்துவமனை: ஈப்போவா, பத்து காஜாவா, தைப்பிங்கா, தெலுக் இந்தானா?
- ஏறத்தாழ எந்த ஆண்டு? (‘இரண்டாவது மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த ஆண்டு’ என்பதும் உதவும்.)
- கட்டியை மட்டும் எடுத்தார்களா, கர்ப்பப்பையையும் எடுத்தார்களா? அறுவைக்குப் பிறகு மாதவிடாய் வந்ததா?
- தழும்பு எப்படி இருக்கிறது: நீண்ட கோடா, தொப்புளைச் சுற்றிச் சிறு துளைகளா?

கர்ப்பப்பையும் சினைப்பையும் இருக்கின்றனவா என்பதை ஸ்கேன் வழி மருத்துவரே பார்த்துக்கொள்வார்.

சிகிச்சை உண்டா?

உண்டு. கட்டி வளராமல் இருந்தால், குறிப்பிட்ட கால இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கட்டி அப்படியே இருப்பதும் சுருங்குவதும் உண்டு. தேவைப்பட்டால் ஹார்மோனைக் குறைக்கும் மருந்து தருவார்கள், சினைப்பையை அகற்றுவார்கள் அல்லது கட்டியையே அறுவை செய்து எடுப்பார்கள்.

ஹார்மோன் மாத்திரையோ, மார்பகப் புற்றுநோய்க்கான தமோக்சிஃபென் மாத்திரையோ எடுத்து வந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

- மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, ஒரு துளியாக இருந்தாலும்
- அடிவயிற்றில் கட்டி தென்படுவது அல்லது வயிறு பெருத்துக்கொண்டே வருவது
- இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல்
- இருமும்போது இரத்தம், காரணமில்லாமல் உடல் எடை குறைதல்

கடுமையான மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி வந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.

மற்றவற்றுக்கு முதலில் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குச் செல்லுங்கள். தேவையென்றால் அங்கிருந்தே ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் தருவார்கள்.

மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால்

இந்த மலாய் வாக்கியங்களில் உங்களுக்குப் பொருந்துவதைச் சொல்லுங்கள்:

- கர்ப்பப்பையை எடுத்திருந்தால்: ‘சாயா பெர்னா புவாட் பெம்பெடாஹான் புவாங் ரஹிம்.’
- கட்டியை மட்டும் எடுத்திருந்தால்: ‘சாயா பெர்னா புவாட் பெம்பெடாஹான் புவாங் ஃபைப்ராய்டு. ரஹிம் மாசே அடா.’

படித்ததைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

1. நார்க்கட்டி புற்றுநோயா? – இல்லை.
2. கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அந்தக் கட்டி வேறு உறுப்பில் தெரியவருமா? – மிக அரிதாக, பல ஆண்டுகள் கழித்தும் தெரியவரலாம்.
3. நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னால் மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும்? – கர்ப்பப்பையில் செய்த பழைய அறுவையை.
4. மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு இரத்தம் கண்டால் பொறுத்திருந்து பார்க்கலாமா? – கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.