பழமனையின் உறுதி

மனை என்பது மண்ணும் மரமும் மட்டும் அன்று; அதனுள் உறங்குவோர் உயிர்க்குக் காப்பும் அதுவே. ஆதலின், பழைய வீடு ஒன்றைப் பேணுவதா, பிரிப்பதா என்னும் வினா எழும்போது அன்பு மட்டும் விடை கூறலாகாது. வெறுப்பும் விடை கூறலாகாது. முதுமை வேறு, தளர்ச்சி வேறு. நூறாண்டு கடந்தும் அசையாது நிற்கும் சுவர் உண்டு. இருபது ஆண்டிற்குள் இற்று வீழும் கூரையும் உண்டு. இவற்றைப் பிரித்தறியும் முறையை ஒரு கதையால் காணலாம்.

காவிரி பாயும் தஞ்சைப் பகுதியில், களிமண் நிலம் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில், உடன்பிறந்தார் இருவர்க்கு உரிய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. முன்னே திண்ணை, நடுவே முற்றமும் கூடமும், பின்னே சமையற்கட்டு ஆகிய இவை பாட்டனார் கட்டியவை. கொல்லைப்புறத்து அறை ஒன்றைத் தந்தையார் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டியிருந்தார். கூடத்துச் சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. பின்னறையோ புதிதாக வெள்ளையடிக்கப்பெற்றுப் பொலிவுடன் விளங்கிற்று. முதிய தாயும் பேரக்குழந்தைகள் இருவரும் அவ்வறையிலேயே உறங்கி வந்தனர்.

“தந்தையார் கை பட்ட வீட்டில் ஒரு கல்லையும் அசைக்கலாகாது” என்றார் மூத்தவர். “அண்ணா, உதிரும் சுவரில் பணத்தைக் கொட்டுவதைவிட முழுதும் இடித்துப் புதிதாகக் கட்டுவதே நன்று” என்றார் இளையவர். வழக்குத் தீரவில்லை. ஈற்றில், ஆவணித் திங்களில், அனுபவம் மிக்க முதிய கொத்தனார் ஒருவரை அழைத்தனர்.

அவர் உடனே வீட்டினுள் புகவில்லை. புறத்தே சுற்றி வந்து, கூரையின் முகடு நேராக உள்ளதா, மழைநீர் எப்பக்கம் ஓடுகின்றது, சுவரில் அரசங்கன்று வேர்விட்டுள்ளதா என நோக்கினார். கூரையிலிருந்து இறங்கும் நீரும் தரையிலிருந்து ஏறும் ஈரமுமே வீட்டின் முதற் பகைகள். பின்னறையின் அருகே குளியல் நீர் வடிகாலின்றித் தேங்கி நிற்பதைக் கண்டு சிறிது நேரம் அங்கேயே நின்றார்.

பின்னர்க் கூடத்துச் சுவரில் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார், சுவர் சாயவில்லை. விரிசல் ஒன்றன்மேல் இருந்த காரையைக் கொத்தி நீக்கினார். உள்ளிருந்த செங்கற்கட்டு பிளவின்றி இருந்தது. “இது தோலில் உள்ள கீறல்; எலும்பு முறியவில்லை” என்றார். உத்திரங்களைக் கட்டையால் தட்டினார். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். கறையான் தின்ற மரம் பொள்ளென ஒலிக்கும். சுவருள் பதிந்த மரமுனையே முதலில் உளுக்கும் ஆதலின், அம்முனைகளைக் குத்தூசியால் குத்திச் சோதித்தார். தேக்கு உத்திரங்களுள் ஒன்று மட்டும், மேலே ஓடு உடைந்து நீர் ஒழுகிய இடத்தில், முனை கெட்டிருந்தது.

பின்னறையில் கண்டது வேறு. வெள்ளையைச் சுரண்டியவுடன், சன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து ஏறும் பிளவு ஒன்று வெளிப்பட்டது. அது காரையைக் கடந்து செங்கற்கட்டினுள்ளும் சென்றது. கீழே குறுகியும் மேலே அகன்றும் இருந்தமையால், சுவரின் புறமுனை மண்ணில் அமிழ்கின்றது என ஐயுற்றார். அதன் புறத்தே குழி தோண்டச் செய்தார். பழைய சுவரின் கடைக்கால் 4 அடி ஆழம் சென்றிருக்க, பின்னறையின் கடைக்கால் ஒன்றரை அடியிலேயே நின்றுவிட்டது. களிமண் மழையில் பொருமும், கோடையில் சுருங்கும். ஆழமற்ற கடைக்கால் அதனுடன் ஏறியிறங்கும்.

விரிசல் வளர்கின்றதா, நின்றுவிட்டதா என்பதைக் காலமே காட்டும். ஆதலின் அவர் கூடத்திலும் பின்னறையிலும் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து, அருகே நாளையும் குறித்தார். “முடிவு தெரியும்வரை அறையில் எவரும் உறங்க வேண்டா, ஐயா” என்றார். குழந்தைகளின் பாய் அன்றே கூடத்திற்கு வந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய பத்தாம் நாள் பின்னறைச் சில்லு இரண்டாகப் பிளந்தது. கட்டடப் பொறியாளர் ஒருவரும் வந்து நோக்கி, கொத்தனார் கூற்றையே உறுதி செய்தார். மூத்தவர் நெடுநேரம் அச்சுவரில் கைவைத்து நின்றார். பின்னர், “பிரித்துவிடுங்கள்” என்றார். கூரையை இறக்கியபோது, குழந்தைகள் படுத்திருந்த இடத்திற்கு நேர்மேலே இருந்த மாமரச் சட்டம் கையில் மாவாக உதிர்ந்தது. எவரும் ஒன்றும் பேசவில்லை.

கூடத்துச் சில்லோ மழையும் பனியும் கடந்து சித்திரை வெயிலிலும் முழுமையாக இருந்தது. இளையவர் செலவைக் கணக்கிட்டார். ஓர் உத்திரம், சில ஓடுகள், காரைப்பூச்சு, நல்ல வடிகால் ஆகிய இவையே வேண்டியிருந்தன. புது வீட்டிற்கோ கடைக்கால் முதல் முகடு வரை அனைத்தும் வேண்டும். இடிக்கும் எண்ணத்தை அவரும் கைவிட்டார்.

பூச்சிற்குச் சிமெண்டு வேண்டா எனக் கொத்தனார் தடுத்தார். இன்று யாண்டும் வழங்கும் போர்ட்லண்டு சிமெண்டிற்கு இங்கிலாந்தினரான ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அது வலியதே, ஆயினும் சுண்ணாம்புச் சுவரின்மேல் பூசினால் உள்ளீரம் வெளியேற வழியின்றிச் சுவர் கெடும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தைப் புறத்தே விடும். பழையதற்குப் பொருந்துவதே பழையதைக் காக்கும்.

கடைக்கால், சுவர், கூரை தாங்கும் மரம் ஆகிய மூன்றும் நலமாயின், தோற்றம் சிதைந்திருப்பினும் மனையைப் பேணுதல் தகும். இவை கெட்டனவாயின், புறத்தே எத்துணைப் பொலிவு இருப்பினும் அதனை நம்புதல் தகாது. பாட்டனாரின் கூடம் தன் வலிமையால் நின்றது. தந்தையாரின் அறை அன்பினால் மட்டும் நிற்க இயலவில்லை. ஆராய்ந்து பேணுவதே முன்னோர்க்குச் செய்யும் மெய்யான சிறப்பாகும்.