சாலையில் உப்பு விழும் முன்

அக்டோபர் மாதம் பாதி கடந்து, மேப்பிள் மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கிவிட்ட இத்தருணத்தில், ஒன்டாரியோவில் இவ்வாண்டு புதிதாகப் பிக்கப் டிரக் வாங்கியிருக்கும் வாசகர்கள் முதற்கண் கவனிக்க வேண்டியது மெருகு குலையாத அதன் முகப்பையன்று. எவரும் குனிந்து பாராத அதன் அடிப்பாகத்தை. அந்த அடிப்பாகத்தைப் பரிசோதித்து, கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூசுவிக்கும் காரியம் முதல் பனிப்பொழிவுக்கு முன்பே, அதாவது இன்னும் மூன்று நான்கு வாரங்களுக்குள்ளாகவே, நடந்து முடிந்துவிட வேண்டும். பனி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவோருக்கு, அதன்பின் ஏப்ரல் வரையில் வண்டியின் அடிப்பாகம் பூரணமாக உலரும் நாள் வாய்ப்பது துர்லபம்.

கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு, உப்புக்காற்று ஜன்னல் கம்பியை அரித்துத் தின்பது பழகிய சங்கதியே. இங்கே ஒன்டாரியோ ஏரியோ நன்னீர் ஏரி. அதன் காற்றில் உப்பில்லை. உப்பு வருவது மாநகராட்சியின் லாரியில். 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பரீட்சார்த்தமாகச் சாலையில் தூவத் தொடங்கிய இந்த வழக்கம் வளர்ந்து, இன்று கனடாவில் மட்டும் ஆண்டொன்றுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு சாலைகளில் கொட்டப்படும் நிலைக்கு வந்திருக்கிறது. உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் என்று சொல்லப்படுவதும் நம் மாகாணத்தில்தான், காட்ரிச் என்னும் சிறு நகரில், ஹியூரன் ஏரியின் அடியில் ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில், இருக்கிறது. ஆகவே சரக்குக்குப் பஞ்சம் வரும் என்று நம் வண்டிகள் நம்பியிருப்பதற்கில்லை.

உப்பைக் கல்லாகத் தூவிய காலத்தைவிட, நீரில் கரைத்துத் தெளிக்கும் இக்காலத்தில் அபாயம் அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். பனி விழும் என்று வானிலை அறிக்கை சொன்ன மாத்திரத்திலேயே, 23 சதவீதம் உப்புக் கரைந்த நீரை லாரிகள் வெறும் சாலையில் கோடு கோடாகத் தெளித்துவிட்டுப் போகின்றன. கல்லுப்பு சக்கரத்தில் பட்டுத் தெறித்து விழுந்துவிடக்கூடும். கரைசலோ சக்கரத்தின் வேகத்தில் மூடுபனியாகக் கிளம்பி, இரண்டு தகடுகள் சேரும் மயிரிழை இடுக்கிலும் புகுந்துவிடும். சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே திறனை இழந்துவிடுவதால், கடுங்குளிர் நாட்களில் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் சேர்க்கப்படுகின்றன. இவற்றின் ஸ்வபாவம் விசித்திரமானது: காற்றில் இருக்கும் சொற்ப ஈரத்தையும் தாமே உறிஞ்சிக் கொண்டு கசிந்துகொண்டிருக்கும். சாலை உலர்ந்துவிட்டது, வண்டியும் உலர்ந்துவிட்டது என்று நாம் எண்ணியிருக்கும் நாளிலும் வண்டியைத் தாங்கும் எஃகுச் சட்டத்தின் மறுபுறம் நனைந்தபடியே இருப்பதற்கு இதுவே காரணம்.

புத்தம்புது வண்டிக்கு ஏது துரு என்று கேட்பவர்கள், ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு அதன் அடியில் ஒரு முறை படுத்துப் பார்த்தால் திகைத்துப் போவார்கள். பின்னச்சின் உறை, வில்பட்டைகள், திருகாணித் தலைகள், பற்றவைத்த இடங்கள் ஆகியவை ஏற்கெனவே செம்மண் நிறம் ஏறியிருக்கக் காண்பார்கள். இதில் மோசடி ஒன்றும் இருந்தாக வேண்டுமென்பதில்லை. சேசிஸ் எனப்படும் எஃகுச் சட்டத்தைத் தொழிற்சாலையில் மின்சார முறையால் வண்ணத்தில் தோய்க்கிறார்கள், அல்லது கரிய மெழுகு பூசுகிறார்கள். ஆனால் வார்ப்பிரும்பில் செய்த பல உறுப்புகளுக்கு நேர்த்தியான பூச்சு அளிப்பது வழக்கமில்லை. பற்றவைப்பின்போது படியும் கசடு மீது வண்ணம் சரியாகப் பிடிப்பதுமில்லை. போதாக்குறைக்கு, மெக்சிகோவில் உருவாகும் டொயோட்டா டகோமா போன்ற வண்டி, ரயிலிலும் லாரியிலும் ஏறி இறங்கி, திறந்த வெளியில் நாட்களைக் கழித்து, விற்பனையாளரின் முற்றத்தில் நெடுஞ்சாலைச் சாரலை வாங்கியபடி மாதக்கணக்கில் நின்ற பிறகுதான் நம் கைக்கு வருகிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் வண்டி உருவான மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். சென்ற ஆண்டு நவம்பரில் பிறந்து இவ்வாண்டு ஜூனில் விற்பனையான வண்டி, எண்பலகை ஏறுமுன்பே ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டது என்பது அதனால் தெளிவாகும்.

ஆகவே துருவைக் கண்டதும் கலங்கவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எங்கே, எவ்விதம் என்று பகுத்தறிவதே இப்போது செய்ய வேண்டியது. பிக்கப் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால், பெரும்பாலும் ஜாக்கி இல்லாமலேயே அடியில் புகுந்து பார்க்கலாம்; தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் உறுதியான தாங்கிகள் மீது நிறுத்தாமல், வெறும் ஜாக்கியை நம்பி எவரும் அடியில் படுக்கலாகாது. அச்சு உறையிலும் வார்ப்பு உறுப்புகளிலும் விரலால் துடைத்தால் தூளாக வரும் செம்மை வெறும் மேல்துரு; தடிப்பான அவ்வுறுப்புகள் அதனால் வருஷக்கணக்கில் பாதிக்கப்படுவதில்லை. சட்டத்தின் மீதோ விஷயம் வேறு. அங்கே வண்ணம் கொப்புளித்திருந்தாலும், விளிம்புகளில் செதில் கிளம்பியிருந்தாலும், பற்றவைத்த தையல் நெடுகத் துரு ஓடியிருந்தாலும், அன்றைக்கே தேதி தெரியும்படி படம் எடுத்து விற்பனையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். சட்டம் பெட்டிபோல் மூடியிருக்கும் பகுதிகளில் இடையிடையே துளைகள் இருக்கும். அவற்றின் வழியே விளக்கைச் செலுத்தி உட்புறத்தையும் பாருங்கள். சட்டம் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. அத்துளைகளில் மண்ணோ இலையோ அடைத்திருந்தால் நீக்குங்கள். நீர் வடிவதற்கென்றே அவை வைக்கப்பட்டிருக்கின்றன.

மறவாமல் உபரிச் சக்கரத்தையும் கீழே இறக்கிப் பாருங்கள். பின்புறம் சரக்குத் தட்டின் அடியில் தொங்கும் அச்சக்கரத்துக்கு மேலுள்ள குறுக்குச் சட்டமே, சேறும் உப்பும் சேர்ந்து நெடுநாள் ஈரம் காக்கும் ஸ்தலம். 2009ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம், 2000 முதல் 2003 வரையிலான டண்ட்ரா வண்டிகளுள் சுமார் 1,10,000ஐ அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் திரும்ப அழைக்க நேர்ந்தது, அக்குறுக்குச் சட்டம் துருவால் நலிந்து உபரிச் சக்கரம் ஓடும்போதே சாலையில் விழக்கூடும் என்னும் அச்சத்தினால்தான். பின் பிரேக் குழாய்களும் அவ்விடத்தை ஒட்டியே செல்கின்றன என்பது இன்னும் கவலைக்குரியது. பிற்பாடு டகோமா, டண்ட்ரா, சிக்கோயா ஆகிய மூவகையிலும் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளின் சட்டங்களைப் பற்றி எழுந்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய ஒரு சமரசத்துக்கு 2016இல் அந்நிறுவனம் இசைந்தது. நற்பெயர் வாய்ந்த நிறுவனத்தின் வண்டிகளுக்கே இக்கதி என்றால், சின்னத்தின் பெயரை மட்டும் நம்பி வாளாவிருப்பது எவ்வளவு தூரம் பொருந்தும்? அலுமினியத்தால் ஆன வண்டி துருப்பிடிக்காது என்னும் நம்பிக்கையும் பூரணமானதன்று. ஃபோர்டு எஃப்-150 வண்டியின் உடல் 2015ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அலுமினியமானது. அதைத் தாங்கி நிற்கும் சட்டம் அன்றும் இன்றும் எஃகுதான்.

பரிசோதனை முடிந்ததும், வெயிலுள்ள ஒரு நாளைத் தேர்ந்து அடிப்பாகத்தைக் கழுவுங்கள். தோட்டத்துப் புல்லுக்கு நீர் தெளிக்கும் கருவியை வண்டியின் அடியில் வைத்துச் சிறிது சிறிதாக நகர்த்தினால் காசு செலவின்றியே காரியம் நடக்கும். பின்னர் அரைமணி நேரம் உலர்ந்த சாலையில் ஓட்டிவிட்டு, குறைந்தது ஒரு முழு நாளாவது உலர விடுங்கள். செதில்கள் இருக்குமிடத்தில் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்குவது, அதன்மேல் வரும் பூச்சு எதுவாயினும் அதற்கு உதவும்.

பூச்சைப் பற்றித்தான் வாசகர்கள் மிகுந்த ஜாக்கிரதையோடு இருக்க வேண்டும். ரப்பர் கலந்த தடித்த கரிய பூச்சைப் பலர் விரும்புகிறார்கள். பார்வைக்கு அது கம்பீரமாகவும் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே சிறிது துருப்பிடித்த சட்டத்தின் மீது அதைப் பூசுவது, ஈரத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதை ஒக்கும். பூச்சில் ஒரு விரிசல் விழுந்த கணமே உப்புநீர் உள்ளே புகுந்து, வெளிவர வழியின்றி, கண்ணுக்குத் தெரியாமல் சட்டத்தைத் தின்றுகொண்டிருக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதாயினும், கசிந்து பரவும் எண்ணெயே மேல் என்பது எம் முடிவு. செம்மறி ஆட்டின் கம்பளியிலிருந்து எடுக்கும் லானோலின் கலந்த பூச்சும் நல்லதே. அது எண்ணெயைவிடச் சற்றுத் தடிப்பாக நின்று, சக்கரத்தின் வீச்சில் எளிதில் கழுவப்படாதிருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பிக்கப்புகளைப் போன்று தொழிற்சாலையிலேயே மெழுகு பூசிய சட்டமுடையவர்கள் மட்டும், தாங்கள் தேர்ந்தெடுக்கும் எண்ணெய் அம்மெழுகை இளக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். எதைப் பூசினாலும் பிரேக் தட்டுகளிலும் புகைபோக்கியிலும் படக்கூடாது. நீர்வடி துளைகளை அடைக்கவும் கூடாது. ஓரிரு நாள் எண்ணெய் சொட்டும். வீட்டு முற்றத்தின் தாரை அது கெடுக்கும் என்பதால் பழைய அட்டைகளை விரித்து வையுங்கள்.

மின்சாரப் பெட்டி ஒன்றைப் பொருத்தினால் துருவே அணுகாது என்று வண்டியோடு சேர்த்து விற்கிறார்களே, அதில் எமக்கு நம்பிக்கையில்லை. கப்பலின் அடியிலும் மண்ணில் புதைந்த குழாயிலும் அவ்வகை உபாயம் பலிப்பது, அவற்றை நீரோ ஈரமண்ணோ இடையறாது சூழ்ந்திருப்பதனால். காற்றில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சூழல் ஏது?

உத்தரவாதப் பத்திரத்தையும் இவ்வாரமே எடுத்து வாசித்துவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்கு அளிக்கும் துரு உத்தரவாதம், உடலின் தகடு உள்ளிருந்து துளைபட்டால் மட்டுமே செல்லும். மேல்துருவுக்கு அதில் இடமில்லை, சட்டத்துக்கும் பல பத்திரங்களில் இடமிருப்பதில்லை. விற்பனையாளர் தனியாக விற்கும் துருத்தடுப்புத் திட்டமோ, ஆண்டுதோறும் குறித்த தேதிக்குள் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டுமென்ற நிபந்தனையைச் சிறிய எழுத்தில் வைத்திருப்பது வழக்கம். ஓராண்டு தவறினாலும் பணம் போயிற்று. எண்ணெய் பூசுபவர் கதவுகளில் துளையிட வேண்டும் என்றால், அதனால் நிறுவனத்தின் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்று கேட்டறிந்த பின்னரே சம்மதியுங்கள். பத்தாண்டுகள் கழித்து விற்க நேரும்போது, பாதுகாப்புச் சான்றிதழ் தரும் மெக்கானிக் முதலில் தட்டிப் பார்ப்பது இச்சட்டத்தைத்தான்; ஓட்டையுள்ள சட்டத்துக்கு அவர் கையெழுத்திடமாட்டார்.

பனிக்காலம் நெடுகச் செய்ய வேண்டியவை சொற்பமே. உறைநிலைக்கு மேல் வெப்பம் ஏறும் நாளில் அடிப்பாகத்தைக் கழுவும் வசதியுள்ள நிலையத்துக்குச் செல்லுங்கள். சில நிலையங்கள் பயன்படுத்திய நீரையே மறுபடியும் அடியில் பீய்ச்சுவதுண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். சூடேற்றிய கராஜில் வண்டியை நிறுத்துவது வண்டிக்குச் செய்யும் உபசாரம் என்று கருதுபவர்கள், உப்புச் சேற்றோடு அதை உள்ளே விடுவதைக் காட்டிலும் வெளியே உறைபனியில் விடுவதே துருவைத் தாமதப்படுத்தும் என்பதை அறிந்தால் வியப்படைவார்கள். குளிரில் அரிப்பு மந்தப்படும். வெதுவெதுப்பில் சேறு உருகி, இரவெல்லாம் அது வேலை செய்யும். கழுவிவிட்டு உள்ளே நிறுத்துவதில் ஆட்சேபமில்லை.

டிசம்பரிலோ ஜனவரியிலோ வண்டி கைக்கு வரவிருப்போர், அதைப் பெற்றுக்கொள்ளும் முன்பே அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டுமென்று விற்பனையாளரிடம் இப்போதே சொல்லி வைக்கலாம். குளிரைக் காரணம் காட்டி எண்ணெயை வசந்தத்துக்குத் தள்ளாமல், கழுவி, சூடான பணிமனையில் ஓரிரவு உலர்த்திய பின் பூசுவித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பணிமனைக்குத் தொலைபேசியில் பேச வேண்டியது இந்த வாரம். முதல் பனி அறிவிப்பு வானொலியில் வந்துவிட்டால் ஊரார் அனைவரும் ஒரே நாளில் அங்கே திரள்வார்கள், நமக்கு இடம் கிடைப்பது டிசம்பரில்தான்.