சாறு சுரக்கும் தைலமரம்

கேள்வி: தைலமர இனங்களுள் மனிதர் உட்கொள்ளத் தக்க பொருளைத் தருவது எதுவேனும் உண்டா?

பதில்: உண்டு. டாஸ்மேனியாத் தீவின் மத்திய பீடபூமியில், கடும் உறைபனியையும் நீர் தேங்கிய நிலத்தையும் பொருட்படுத்தாது வளரும் ‘சைடர் கம்’ என்னும் விருட்சம், 1844இல் ஹூக்கர் என்ற தாவர சாஸ்திரியால் வர்ணிக்கப்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே, அத்தீவின் ஆதிக்குடிகளுக்குப் பானம் அளித்து வந்தது. அடிமரத்தில் துளையிட்டு, கசியும் தித்திப்பான சாற்றைக் குழியில் தேக்கி, தட்டைக்கல்லால் மூடிவைப்பர்; சில தினங்களில் அது தானே நுரைத்துப் புளித்து, நம் பனங்கள்ளைப்போல் இலேசான போதை தரும். இத்தகைய அருமையான மரம் இன்று வறட்சியாலும், தளிர்களை மொட்டையடிக்கும் பாஸம் என்னும் பிராணிகளாலும் சில இடங்களில் அழிந்துவருவது மிகுந்த வேதனைக்குரியது. தைலமர இலைகளிலிருந்து வடிக்கும் எண்ணெயோ நஞ்சு. அதனை ஒருபோதும் அருந்தலாகாது.